அழுகைக்குக் கோடு இல்லை

உள்ளே சமையலறையில் தட்டு ஒன்று விழுந்தது. எவர்சில்வர் தட்டு. விழுந்த இடத்தில் அடங்காமல் ஒரு சுற்றுச் சுற்றி, தரையில் தடதடவென்று ஆடி, கடைசியில்தான் ஓய்ந்தது.

முன்னறையில் மடக்கு மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த அம்மாள் தலையைத் தூக்கவில்லை. "என்னங்க, பாத்திரம் கழுவுறீங்களா, தாளம் போடுறீங்களா?" என்று இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தாள்.

"சோப்பு வழுக்கிடுச்சு" என்றார் கணவர். அடுத்த நொடி அவர் குரல் மாறியது. "பாப்பா... என்னடா? ஒண்ணுமில்லடா, தட்டுதான். ஏம்மா, நீ இங்க கொஞ்சம் வா."

அந்த 'வா' அவளை எழுப்பியது. போய்ப் பார்த்தாள். குளிர்சாதனப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே துடைப்பம் சாத்தி வைக்கும் சந்து ஒன்று உண்டு. அதற்குள் ஒடுங்கி, இரண்டு முழங்கைகளையும் உயர்த்தித் தலையை மூடிக்கொண்டு நின்றிருந்தாள் மகள். கல்யாணமாகி இரண்டு வருடம் ஆன, வளர்ந்த பெண். பள்ளி நாட்களில் பாம்பைக் கண்டாலும் பக்கத்தில் போய்ப் பார்த்தவள்.

"இடி விழுந்திருச்சுன்னு நெனச்சியா பாப்பா?"

மகள் கைகளை இறக்கினாள். சிரித்தாள். "ஏதோ ஞாபகத்துல இருந்தேம்மா."

"ஏதோ ஞாபகத்துல இருந்தாளாம்" என்று கணவரிடம் திருப்பிச் சொல்லிவிட்டு அம்மாள் மேஜைக்குத் திரும்பினாள். கேள்வி கேட்டாயிற்று, பதில் வந்தாயிற்று. அவளைப் பொறுத்தவரை அத்துடன் விஷயம் முடிந்தது. அன்று சாயங்காலம் மருமகன் வந்து, சில நாள் தங்க வந்திருந்த மகளை அழைத்துப் போவதாக இருந்தது. அதற்குள் எழுதி முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் அவளுக்கு.

பாவம். அந்தத் தாயை நாம் கோபித்துக்கொள்வதற்கு முன்னால், அவள் என்ன வேலை பார்க்கிறவள் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

அவள் நீதிமன்றச் சுருக்கெழுத்தர். கூண்டில் நிற்கும் சாட்சிக்கும் மேலே உட்கார்ந்திருக்கும் நீதிபதிக்கும் நடுவில், தாழ்வான ஒரு மேஜை அவளுடையது. யார் எவ்வளவு வேகமாகப் பேசினாலும் அவளுடைய பென்சில் கூடவே ஓடும். மெல்லிசாக இழுத்தால் ஓர் ஓசை, அழுத்தி இழுத்தால் வேறோர் ஓசை. வளைவு, கொக்கி, புள்ளி. மாலையில் அதைத் தட்டச்சு செய்து கொடுத்தால், காலையில் சொன்னவரே "நான் இப்படியா சொன்னேன்?" என்று திகைப்பார். அப்படித்தான் சொல்லியிருப்பார். கோர்ட்டில் அவளுக்கு 'டேப்பம்மா' என்று பெயர். டேப் ரெக்கார்டர் தோற்றுவிடும் என்று யாரோ ஒரு வக்கீல் சொன்னதிலிருந்து வந்த பட்டம். வீட்டுக்காரர் கொஞ்ச வேண்டும் என்று தோன்றும்போது 'டேப்பு' என்று சுருக்கிவிடுவார்.

அந்த வேலையில் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட முதல் பாடம் ஒன்று உண்டு. சாட்சி அழுதால் பென்சிலைத் தூக்கிவிட வேண்டும். அழுகைக்குக் கோடு கிடையாது. அழுது முடித்து, தண்ணீர் குடித்து, சாட்சி மறுபடி வாய் திறக்கும்வரை பென்சில் காகிதத்துக்கு மேலே அந்தரத்தில் நிற்கும். எத்தனையோ பெண்கள் அந்தக் கூண்டில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதிருக்கிறார்கள். அவள் தட்டச்சு செய்த பக்கங்களில் அதற்கு ஒரு சுவடும் இருக்காது. ஒரு வாக்கியம் முடியும், அடுத்தது தொடங்கும். இடையில் ஒரு உயிர் துடித்தது யாருக்கும் தெரியாது. சட்டம் அப்படி. அவள் என்ன செய்வாள்?

ஆனால் ஒரு பழக்கம் வேலையோடு நிற்காமல் வீட்டுக்கும் வந்துவிட்டது. யாராவது பேசினால் அவளுடைய ஆள்காட்டி விரல் எங்கேயாவது எழுதிக்கொண்டிருக்கும். மேஜையில், முழங்காலில், பேருந்தில் முன்சீட்டுக் கம்பியில். மகள் தொலைபேசியில் பேசும்போதும் அப்படித்தான்.

இந்த வயதில் அவளைப் படிக்கத் தள்ளியது மகள்தான். "பாதியில விட்ட டிகிரியை முடிம்மா. ரிட்டயர் ஆனப்புறம் அப்பாவோட சண்டை போடறதைத் தவிர உனக்கு வேற வேலை வேணாமா?" என்று கல்யாணத்துக்கு முன்பு கல்லூரி விண்ணப்பத்தைக் கையில் திணித்தவள் அவள். மாலைக் கல்லூரி. வகுப்பில் ஒரு மருத்துவமனைச் செவிலி, ஒரு வங்கிக் காவலாளி, மருந்துக்கடைக்காரர் ஒருவர், இன்னும் சிலர். எல்லாரும் பகல் முழுக்க உழைத்துவிட்டு, கண் எரிய எரிய வந்து உட்காருகிறவர்கள். விரிவுரையாளர் அவள் மகளைவிடச் சின்னப் பெண். டேப்பம்மாவை 'அம்மா' என்றுதான் கூப்பிடுவாள்.

கவிதைப் பாடம் தொடங்கிய அன்று அவளுக்கு விழுந்தது முதல் அதிர்ச்சி. அசை, சீர், தளை, தொடை. அதைத் தாண்டினால் உருவகம், படிமம், உள்ளுறை, இறைச்சி. வீட்டில் உட்கார்ந்து உரக்கப் படித்தபோது, வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கணவர் கத்தியை வைத்துவிட்டுக் கேட்டார்: "தொடை, இறைச்சி... நீ எங்க போய்ச் சேர்ந்திருக்க? கறிக்கடையிலயா?"

"கவிதைக்குள்ள மறைஞ்சு நிக்கிற அர்த்தத்துக்கு இறைச்சின்னு பேராம்."

"மறைஞ்சு நின்னா உனக்கு எப்படித் தெரியும்?"

"அதான் எனக்கும் புரியல."

கணவர் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அதன் பிறகு வீட்டில் சமையல் முழுக்க அவர் கையில்தான். "எதிர்ல வர்றது எதிர்ல தெரியணும். மறைஞ்சு வந்தா விபத்து" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு மறுபடி வெங்காயத்தை எடுத்தார்.

அவளை மிகவும் கலங்கடித்த சொல் தற்குறிப்பேற்றம். தானாக நடக்கிற ஒன்றின் மேல் கவிஞர் தன் எண்ணத்தை ஏற்றிச் சொல்வது. காற்றில் கொடி ஆடினால் 'வராதே' என்று கை காட்டுகிறது என்பார்களாம். "இதைக் கோர்ட்ல சொன்னா யூகம்னு அந்த இடத்திலேயே நீக்கிருவாங்க" என்று அவள் வகுப்பில் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கொடி ஆடியது, அவ்வளவுதான் நடந்தது. மற்றதெல்லாம் எப்படி உண்மையாகும்? பொய்யைப் பாடமாக வைத்து மதிப்பெண்ணும் கொடுக்கிறார்களே என்று இரண்டு நாள் தூக்கம் வரவில்லை.

அதைவிடப் பெரிய அடி அடுத்து வந்தது. ஒவ்வொரு கவிதைக்கும் 'உங்கள் சொந்த எதிர்வினை' எழுத வேண்டும். முதல் கவிதைக்கு அவள் எழுதிக் கொடுத்ததை விரிவுரையாளர் திருப்பிக் கொடுத்தபோது, அந்தப் பெண்ணின் உதடு சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டது.

"அம்மா, இது நான் வகுப்புல பேசினது. ஒரு வார்த்தை விடாம இருக்கு. 'அந்த ஃபேனைக் கொஞ்சம் குறைங்க'ன்னு நடுவுல சொன்னேன், அதுவும் இருக்கு."

"சரியாத்தானே இருக்கு மேடம்?"

"ரொம்பச் சரியா இருக்கு. ஆனா இது என்னோட எதிர்வினை. உங்களோடது எங்க?"

டேப்பம்மா விழித்தாள். வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் வாயைப் பார்த்தே எழுதியவள். 'நீ என்ன நினைக்கிறாய்?' என்று ஒரு நீதிபதியும் கேட்டதில்லை. அவளாகச் சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும். கன்னத்தில் அறை வாங்கியதுபோல் நின்றாள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தக் கேள்வி கூடவே வந்தது. உங்களோடது எங்க?

இப்போது மேஜையில் இருந்தது இரண்டாவது கவிதை. மறுநாள் கொடுத்தாக வேண்டும்.

சின்னக் கவிதைதான். வாழ்க்கைப்பட்டுப் போன ஒரு பெண் அக்காவுக்குச் சொல்கிறாள். மாடியில் துணி உலர்த்தக் கொடி கட்டியாயிற்று. குழாயில் இப்போது தண்ணீர் நன்றாக வருகிறது. நாய் முன்போல் குரைப்பதில்லை, அவர் செருப்புச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது. அங்கே எல்லாரும் நலமா. அவ்வளவுதான். முடிந்துவிட்டது.

வகுப்பில் இதைப் படித்ததும் செவிலி சொன்னாள்: "நாய்க்கு வயசாயிருச்சு போல."

"வயசாகல. அவன் உதைக்கிறான்" என்றார் வங்கிக் காவலாளி.

"நாயை மட்டுமா?" என்று கேட்டாள் விரிவுரையாளர்.

மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டேப்பம்மா மட்டும் கையைத் தூக்கினாள். "மேடம், அதை அவ சொல்லலையே."

"ஆமாம்மா, சொல்லல."

"சொல்லாததை நாம எப்படிப் பதிவு பண்றது?"

"சொல்ல முடியாத இடத்துல இருந்து பேசறாம்மா அவ. பக்கத்துலயே அவன் இருக்கலாம். அதனால நாயைப் பத்திப் பேசறா, குழாயைப் பத்திப் பேசறா. உள்ளுறைன்னா இதுதான். கேக்கறவங்களை நம்பித்தான் இப்படிப் பேச முடியும். அக்காவுக்குப் புரியும்னு அவளுக்கு ஒரு நம்பிக்கை."

"அக்காவுக்குப் புரியலைன்னா?"

விரிவுரையாளர் புத்தகத்தை மூடினாள். "தெரியலம்மா. அதைத்தான் நீங்க எழுதணும்."

அன்று அந்த ஞாயிற்றுக்கிழமை மதியத்தில், அந்தக் கேள்விக்குத்தான் டேப்பம்மா பதில் தேடிக்கொண்டிருந்தாள். அக்காவுக்குப் புரியவில்லை என்றால்? 'நான் அந்த அக்காவாக இருந்தால், குழாயில் தண்ணீர் வருவதைக் கேட்டு மகிழ்ந்திருப்பேன்' என்று ஒரு வரி எழுதினாள். தன் சொந்த வரி. எழுதியதும் திருப்தியாக இருந்தது. இதுதான் நான், இதில் பொய்யில்லை என்று நினைத்தாள். அடுத்த வரிக்காகப் பேனாவைக் காகிதத்தில் ஊன்றினாள். பேனா நகரவில்லை.

நாய். கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது.

குளிர்சாதனப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில்.

அவளுக்குள் ஏதோ ஒன்று கழன்று விழுந்தது. காகிதத்தை விட்டு வெறும் சுவரைப் பார்த்தாள். அவளுடைய ஞாபகம் சாதாரண ஞாபகமா? கேட்ட வார்த்தையைக் கேட்டபடி திருப்பிக் கொடுக்கும் பாழாய்ப்போன ஞாபகம் அல்லவா? மகள் தொலைபேசியில் பேசியதெல்லாம் வரிசையாக, அவள் குரலிலேயே, வந்து நின்றது.

'பீங்கான் தட்டெல்லாம் பரண்ல போட்டுட்டேம்மா. இப்ப எல்லாமே எவர்சில்வர்தான்.' நல்லதுதான், உடையாது என்று இவள் சொன்னாள்.

'சாயங்காலம் ஆனா ஜன்னலெல்லாம் சாத்திடுவோம்.' கொசுவா என்று இவள் கேட்டாள். ஆமா, கொசுதான் என்றாள் அவள்.

'ரேடியோவைச் சத்தமா வைக்கிறோம்மா இப்பல்லாம்.' காது கெட்டுப்போகும் என்று இவள் கண்டித்தாள்.

'வெயில் காலத்துலயும் முழுக்கை ரவிக்கைதான் வசதியா இருக்கு.' இவள் துணிக்கடைப் பெயர் சொன்னாள்.

எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள் மகள். வேலை செய்துகொண்டே பேசுகிறாள், கெட்டிக்காரி என்று இவள் பெருமைப்பட்டிருக்கிறாள். அந்த அறையில் வேறு யார் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று ஒருநாளாவது நினைத்தாளா?

இன்னும் ஒன்று இருந்தது. அது ஞாபகம் வந்தபோது அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பேச்சு நடுவில் சில நாட்களில் மகளின் குரல் அடைத்துக்கொள்ளும். மூச்சு மட்டும் கேட்கும். அப்போது மேஜையில் எழுதிக்கொண்டிருந்த இவளுடைய விரல் என்ன செய்தது? எழும்பி, அந்தரத்தில் நின்றது. மகள் மூக்கை உறிஞ்சிவிட்டு மறுபடி பேசும்வரை பொறுமையாக நின்றது. பிறகு இவள், "ம், சொல்லு, அப்புறம்?" என்றாள்.

பெற்ற மகள் அழுதாள். பெற்றவள் பென்சிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். ஐயோ, இதை எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்வது?

எழுந்தாள். உள்ளறையில் மகள் கட்டிலில் பெட்டியைத் திறந்து வைத்து, துணிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். தொலைபேசி பக்கத்தில் கிடந்தது. அது முனகியதும் எடுத்து, "ஆமா, கிளம்பிட்டிருக்கேன்" என்று பதில் எழுதி வைத்தாள். மறுபடி முனகியது.

டேப்பம்மா கட்டிலில் உட்கார்ந்தாள். ஏதோ கேட்கவேண்டும். ஆனால் கேள்வி கேட்டே பழகிய இடத்தில் இருந்து வந்தவளுக்கு, அன்று எந்தக் கேள்வியும் வாயில் வரவில்லை. மகள் வந்திறங்கிய அன்று, 'சண்டை கிண்டை ஒண்ணுமில்லதானே?' என்று கேட்டதும், அவள் 'இல்ல' என்றதும் நினைவுக்கு வந்தது. அந்தக் கேள்வியில் வேறு என்ன பதிலுக்கு இடம் இருந்தது?

"அந்தப் பீங்கான் தட்டெல்லாம் இன்னும் பரண்லயா இருக்கு?" என்றாள் கடைசியில்.

மகளின் கை மடிப்பில் நின்றது.

"இல்லம்மா. மிச்சம் எதுவும் இல்ல."

"சுவத்துலயா?"

"சுவத்துல பாதி."

டேப்பம்மா மகளின் கையைப் பிடித்து, முழுக்கை ரவிக்கையின் விளிம்பை மெதுவாக மேலே ஒதுக்கினாள். மகள் தடுக்கவில்லை. அங்கே இருந்ததை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஒரு தாய் அதைப் பார்த்தாள் என்பது போதும்.

"என்கிட்ட ஏண்டி சொல்லல?"

மகள் நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தில் இருந்தது கோபமில்லை. ஆச்சரியம்.

"சொன்னேனேம்மா" என்றாள். "எத்தனை தடவை சொன்னேன். உனக்குப் புரியும்னுதான் சொன்னேன். நீ 'அப்புறம்'னு கேட்ட. சரி, அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு, ஆனா பொறுத்துப் போய்த்தான் ஆகணும்னு நினைக்குது போலன்னு இருந்துட்டேன்."

பூமி பிளந்தாலும் அந்தத் தாய்க்கு அவ்வளவு அதிர்ச்சி இருந்திருக்காது. தெரியாதவள் என்றுகூட மகள் அவளை நினைக்கவில்லை. தெரிந்தும் பேசாதவள் என்று நினைத்திருக்கிறாள். அந்த நினைப்போடுதான் இத்தனை நாள் இதே வீட்டில் சாப்பிட்டு, சிரித்து, இப்போது பெட்டியும் அடுக்குகிறாள்.

"எனக்குப் புரியல பாப்பா. சத்தியமா எனக்குப் புரியல."

"நீயாம்மா? ஊர்ல எல்லார் பேச்சும் புரியுமே உனக்கு."

"புரியாது. எழுதத்தான் தெரியும்."

வாசற்படியில் ஏதோ அசைந்தது. கணவர் நின்றிருந்தார். தோளில் ஈரத் துணி. எப்போது வந்தார், எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை. வாழ்நாளெல்லாம் வண்டி ஓட்டி ஒருத்தருக்கும் ஒரு கீறல் விழாமல் கொண்டுபோய்ச் சேர்த்தவர், தன் மகளின் கையைப் பார்த்துவிட்டு, நிலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு உள்ளே வந்து, கட்டிலில் இருந்த பெட்டியிலிருந்து துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் வைக்க ஆரம்பித்தார். மடிப்புக் கலைந்தது. அவருக்கு ரவிக்கை எது, தலையணை உறை எது என்றுகூடத் தெரியவில்லை. எல்லாவற்றையும் ஒரே தட்டில் திணித்தார்.

"அப்பா, அவர் வந்துட்டிருக்கார்."

"வரட்டும்."

சாயங்காலம் மருமகன் வந்தான். மருந்து நிறுவனம் ஒன்றில் விற்பனை மேலாளர். வாய் திறந்தால் தேன். செருப்பை ஜோடியாக வைத்து, ஷூவாக இருந்தால் நாடாவை உள்ளே மடித்து வைக்கும் ஒழுங்கு. அன்று ஷூ. ஒரு பை நிறைய ஆப்பிள் கொண்டுவந்து மேஜையில் வைத்தான்.

"அத்தை, படிப்பெல்லாம் எப்படிப் போகுது? நீங்க கவிதை எழுத ஆரம்பிச்சுட்டா மாமா பாவம், சாப்பாட்டுக்கு எங்க போவார்?"

"அவர்தான் தம்பி சமைக்கிறார்."

"அதுவும் சரிதான். எங்க வீட்லயும் அந்தக் காலம் வரும்போல." சிரித்தான். கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "பாப்பா ரெடியா அத்தை? அவ இல்லாம வீடு வீடாவே இல்ல."

"அவ வரல."

"ஓ. உடம்பு சரியில்லையா? அப்ப புதன்கிழமை வரேன்."

"புதன்கிழமையும் வரல."

மருமகன் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் உள்ளறைப் பக்கம் போய்த் திரும்பியது. "அவ ஏதாவது சொன்னாளா அத்தை?"

"எவர்சில்வர் தட்டு வாங்கினதைப் பத்திச் சொன்னா."

"சரி. அதுக்கென்ன?"

"அதுக்கு ஒண்ணுமில்ல. சாயங்காலம் ஜன்னல் சாத்தறதைப் பத்திச் சொன்னா. ரேடியோவைப் பத்திச் சொன்னா. முழுக்கை ரவிக்கையைப் பத்திச் சொன்னா."

"இதெல்லாம்..." அவன் சோபாவின் நுனிக்கு வந்தான். "அத்தை, நீங்க பெரியவங்க, உங்களுக்கே தெரியும். அவ எதையும் பெரிசு பண்ணுவா. ஆம்பளைக்கு வெளியில ஆயிரம் டென்ஷன். ஏதோ ஒரு தடவை, ரெண்டு தடவை, கோபத்துல கை நீண்டிருக்கும். அதுக்காகக் குடும்பத்தை..."

"தம்பி" என்றாள் டேப்பம்மா. "நான் கோபத்தைப் பத்தி எதுவும் கேக்கலையே."

அவன் வாய் மூடிக்கொண்டது. கூண்டில் நின்று, கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லி மாட்டிக்கொண்டவர்களை அவள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறாள். அவர்கள் முகமெல்லாம் அந்த நேரத்தில் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் தன் வீட்டு முன்னறையில், தன் கையால் தாம்பூலம் மாற்றி அழைத்த ஒருவன் முகத்தில் அதைப் பார்க்க நேரும் என்று எதிர்பார்க்கவில்லை.

"மாமா, நீங்க சொல்லுங்க" என்று அவன் திரும்பினான். "இதெல்லாம் பொம்பளைங்க பேச்சு. நாம ஆம்பளைங்க உக்காந்து முடிச்சுக்கலாம்."

கணவர் தரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவன் எழுந்தான். உள்ளறைக் கதவைப் பார்த்து, இதுவரை அந்த வீட்டில் யாரும் கேட்டிராத ஒரு குரலில், மகளைக் கூப்பிட்டான்.

"வெளிய வா. இப்பவே வா."

அந்தக் குரல்தான். அதற்குப் பெரிய சத்தமில்லை. ஆனால் அதில் இருந்த பழக்கம், தினமும் உபயோகித்த கத்திக்கு ஏறும் கூர்மைபோல இருந்த அந்தப் பழக்கம், டேப்பம்மாவின் ரத்தத்தை உறைய வைத்தது. இந்தக் குரலைத்தான் என் மகள் தினமும் கேட்டாளா?

அப்போதுதான் கணவர் எழுந்தார். மெதுவாகப் போய் உள்ளறைக் கதவுக்கு முன்னால் நின்றார். அவன் உயரத்துக்கு அவர் தோள்வரைதான் வருவார்.

"மாப்ள, எங்க வீட்ல ஜன்னலெல்லாம் திறந்திருக்கு" என்றார். "பாத்துப் பேசுங்க."

அவன் ஜன்னலைப் பார்த்தான். எதிர்வீட்டு மாடியில் யாரோ துணி எடுத்துக்கொண்டிருந்தார்கள். கையில் துண்டோடு நின்றுவிட்டு, இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார்கள். அவன் தோள் இறங்கியது. சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டான்.

"நீங்க ரெண்டு பேரும் அவ வாழ்க்கையைக் கெடுக்கறீங்க அத்தை."

"இருக்கட்டும் தம்பி."

"நாலு பேர் என்ன சொல்லுவாங்கன்னு யோசிச்சீங்களா?"

"சொல்லட்டும். எழுதிக்கிறேன்."

கணவர் மேஜையிலிருந்த ஆப்பிள் பையை எடுத்து அவன் கையில் கொடுத்தார். அவன் வாங்கிக்கொண்டான். என்ன செய்வதென்று தெரியாமல்தான் வாங்கியிருக்க வேண்டும். வாசலில் குனிந்து ஷூ நாடாவைக் கட்டினான். அவசரப்படவில்லை. இரண்டு முடிச்சும் ஒரே அளவில் வந்ததா என்று பார்த்தான். படிக்கட்டில் மேல்வீட்டு அம்மா காய்கறிப் பையோடு மூச்சு வாங்க ஏறி வந்துகொண்டிருந்தார்.

"நல்லா இருக்கீங்களா ஆன்ட்டி? குடுங்க, நான் பையைப் பிடிக்கிறேன்" என்றான் மருமகன்.

அதே தேன். ஒரு சொட்டுக் குறையவில்லை. சிரித்துக்கொண்டே அந்தப் பையை வாங்கி மேலே வைத்துவிட்டு வந்தான். "தங்கமான பையன்" என்று மேல்வீட்டு அம்மா படியிலிருந்து சொன்னது முன்னறைவரை கேட்டது.

டேப்பம்மா நிலைப்படியில் கல்லாகிப்போய் நின்றாள். அவன் படி இறங்கும் சத்தம் கீழே கீழே போயிற்று. அவளுக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டது. மகள்தான். எப்போது வெளியே வந்தாளோ. அம்மாவை மெல்ல ஒதுக்கிவிட்டு, அவன் தெருவுக்குப் போனானா என்றுகூடப் பார்க்காமல், கதவைச் சாத்தினாள்.